ஆல்பிரட் சாட்டர்டன்

சர் ஆல்பிரட் சாட்டர்டன் (1866 - 1958) சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியியலாளர். சென்னையில் குரோம் தோல் பதனிடலையும், மைசூரில் சந்தன எண்ணெய் வடிப்பையும் அரசுத் தொழில்களாக வளர்த்தவர்.

சென்னையில்

1888 இல் சென்னைக்குப் பொறியியல் பேராசிரியராக வந்தார். பின்னர் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1903 அளவில் குரோம் தோல் ஆய்வில் இறங்கினார். அக்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஆவாரம்பட்டை கொண்டே தோல் பதனிடப்பட்டது. அத்தோல் நீரில் விரைவில் கெடும். குரோம் தோல் நீரைத் தாங்கியதால், கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோற்பைகளுக்கு ஏற்றதாயிற்று.

அரசு தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910 இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபுவும் அதனை ஏற்கவில்லை. சென்னையில் அரசின் முயற்சி கைவிடப்பட்டது.

மைசூரில்

1912 இல் சாட்டர்டன் மைசூருக்குச் சென்றார். அங்கு விசுவேசுவரய்யா திவானாக இருந்தார். 1914 இல் உலகப்போர் மூண்டதும், எண்ணெய் வடிப்பதற்காகச் செருமனிக்குச் சென்றுகொண்டிருந்த சந்தன மரத்தின் ஏற்றுமதி நின்றது. இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோ, வாட்சன் ஆகியோர் ஆய்வுத் துணை புரிய, 1916 இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை தொடங்கியது.

நீராவி வடிப்பின் கணக்கு

நீரும் சந்தன எண்ணெயும் ஒன்றிலொன்று கலப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றும் தனித்திருப்பது போலவே தன் ஆவியழுத்தத்தைத் தருகிறது. இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகும்போது கலவை கொதிக்கும். இதனால் மிக உயர்ந்த கொதிநிலை கொண்ட எண்ணெயும் 100 பாகைக்குச் சற்றுக் குறைவான வெப்பநிலையில், கருகாமல் வடிகிறது. வடிநீர்மத்தில் உள்ள எடைகளின் விகிதம் பின்வருமாறு:

எண்ணெயின் எடை ÷ நீரின் எடை = (எண்ணெயின் ஆவியழுத்தம் × மூலக்கூற்று எடை) ÷ (நீரின் ஆவியழுத்தம் × 18)

எண்ணெயின் முதன்மைக் கூறான சாண்டலாலின் மூலக்கூற்று எடை 220. எடுத்துக்காட்டாக, அதன் ஆவியழுத்தம் நீருடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், விகிதம் 220 ÷ 18,000 ஆகும். அதாவது 100 கிலோகிராம் நீருடன் ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எண்ணெய் வரும். மரத்தூளிலிருந்து எண்ணெய் மெல்லவே வெளிப்படுவதால் நடைமுறையில் இதனினும் குறைவாகவே கிடைக்கும். எனவே இத்தொழிலுக்கு மிகுந்த நீராவி தேவைப்படுகிறது.

பிற்காலம்

இந்தியத் தொழில் ஆணையத்தில் (1916 - 1918) உறுப்பினராக இருந்த இவர் 1919 இல் சர் பட்டம் பெற்றார். மைசூர் ஆலையின் எண்ணெயிலிருந்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. சென்னையில் அரசு கைவிட்ட குரோம் முறையோ பிற்காலத்தில் ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தின் முதன்மைப் பதனிடு முறையாயிற்று.