முறிந்த குரலின் இசை: ஜே.பி. சந்திரபாபு

வேற்று நிலத்தில் பிறந்த கலை வடிவம் ஒன்று தமிழுக்குள் நுழையும்போது அதனை முதலில் வரவேற்பது ஏளனமே. புதினம் அவ்வாறுதான் வந்தது. சிறுகதையும் அவ்வாறுதான் வந்தது. புதுக்கவிதை வந்தபோது யாப்பறியாதார் செய்த வேலை என்று பழித்தவர்கள் பலர். காலம் செல்லச் செல்ல அவ்வடிவங்கள் தமிழின் சொந்த உடைமைகளாயின. இசைத்துறையிலும் அத்தகைய ஏளனத்தை எதிர்கொண்டு, அதனையே சிரிப்பாக மாற்றி, அச்சிரிப்பின் நடுவே ஒரு புதிய பாட்டு முறையை நிலைநிறுத்திச் சென்ற கலைஞர் ஒருவர் உண்டு. அவர் ஜே.பி. சந்திரபாபு. நகைச்சுவை நடிகர் என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடக்கிவிடுவது தமிழர் வழக்கம். அவருடைய வாழ்வைச் சற்று ஊன்றி நோக்குவார்க்கு அவர் முதலில் பாடகர் என்பதும், பிறகே நடிகர் என்பதும் புலனாகும்.

அவர் பாடிய முறையின் வேரைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், வெள்ளை உழவர்களின் நாட்டுப்புறப் பாட்டும் ஒன்றோடொன்று கலந்து 1950-களில் ராக்கபில்லி என்னும் இசை பிறந்தது. 1954-இல் மெம்பிஸ் நகரத்து சன் ஒலிப்பதிவு நிலையத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் பதிவு செய்த பாடல்கள் அதற்குத் தோற்றுவாய் ஆயின. அவ்விசைக்கும் ஒரு பாட்டன் உண்டு. அவர் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் ரயில்வேத் தொழிலாளி. நெஞ்சுக் குரலிலிருந்து உச்சிக் குரலுக்குத் திடீரெனத் தாவி மீளும் யோடலிங் என்னும் முறையை நாட்டுப்புறப் பாட்டில் புகுத்திப் புகழ் பெற்றவர் அவர். ஆல்ப்ஸ் மலை இடையர்கள் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு எழுப்பிய கூவலே அம்முறையின் மூலம். ராட்ஜர்ஸ் தம் முதல் பாடல்களைப் பதிவு செய்தது 1927 ஆகஸ்டு மாதம். தமிழில் அக்கூவலை எழுப்பப் போகும் குழந்தை தூத்துக்குடியில் பிறந்ததும் அதே 1927 ஆகஸ்டு மாதமே.

தூத்துக்குடியின் கடலோரக் கத்தோலிக்கப் பரதவர் குடும்பம் ஒன்றில் பிறந்த அக்குழந்தைக்கு ஜோசப் பனிமயதாஸ் என்று பெயரிட்டனர். அவ்வூர் மக்களின் காவல் தாயாகிய பனிமய மாதாவின் பெயரைத் தாங்கியது அது. வீட்டில் பாபு என்று அழைத்தனர். தம் மரபினர் தம்மைச் சந்திரகுலத்தார் என்று கூறிக்கொள்வதை ஒட்டி, பின்னாளில் அவர் தம் பெயரைச் சந்திரபாபு என்று அமைத்துக்கொண்டார். அவருடைய தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 'சுதந்திர வீரன்' என்னும் ஏட்டை நடத்தியவர். ஆங்கில அரசின் சினத்திற்கு ஆளாகி, உடைமைகளை இழந்து, குடும்பத்தோடு கொழும்பு நகரில் குடியேற நேர்ந்தது. செல்வத்தில் தொடங்கிய பிள்ளைப் பருவம் நாடு கடந்த வாழ்வாயிற்று.

அன்றைய கொழும்பு பல மொழிகளும் பல இசைகளும் கலந்து நின்ற துறைமுகம். போர்ச்சுக்கீசியர் வழி வந்த பைலாவின் துள்ளலும், கத்தோலிக்கத் தேவாலயங்களின் கூட்டுப் பாடலும், மேலைநாட்டு இசைத்தட்டுகளும் ஒரே தெருவில் கேட்கக்கூடிய ஊர் அது. அங்குப் பள்ளிக் கல்வி பெற்று வளர்ந்த பிள்ளைக்கு மேலை இசை அயலாகத் தோன்றியிருக்க இயலாது. பிறர் கற்றுக்கொண்டு பாடியதை அவர் பழகிய பேச்சைப் போலப் பாடினார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் அவருடைய குரலின் இயல்பு விளங்கும்.

1943-ஆம் ஆண்டில் குடும்பம் சென்னைக்கு வந்தது. தந்தையார் 'தினமணி' நாளேட்டில் பணியில் அமர்ந்தார். திருவல்லிக்கேணியில் வாழ்க்கை தொடங்கியது. மகனின் உள்ளம் திரைப்படத்தின்மேல் சென்றது. ஆங்கிலம் அறிந்த, மேலை நடனம் ஆடத் தெரிந்த, தமிழைக் கொழும்பு வாடையோடு பேசிய அவ்விளைஞருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் இலக்கியவாதி ஒருவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. சிறுகதைக்கென்றே 'மணிக்கொடி'யை நடத்திய பி.எஸ். ராமையா, தாம் இயக்கிய 'தன அமராவதி' படத்தில் 1947-இல் அவரை அறிமுகம் செய்தார். தமிழ்ச் சிறுகதைக்குத் தொட்டில் ஆட்டிய கை, தமிழ்த் திரையின் புதிய பாட்டுக்காரர் ஒருவரையும் கைதூக்கி விட்டது.

ஆயினும் கதவு முழுவதும் திறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் சிறு வேடங்களும் பசியுமாகக் கழிந்தன. ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ். வாசனைக் காணப் பன்முறை முயன்றும் வாய்ப்பு அமையாத நிலையில், 1952-இல் அந்நிறுவன வளாகத்திலேயே அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். அது குற்றமாகக் கருதப்பட்ட காலமாதலால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கு அவர் ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதி ஒன்றை நடித்துக் காட்டியதாகக் கூறுவர். அவ்வாண்டிலேயே வெளிவந்த ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார் சுவையான கதையாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது சுவையான கதையன்று. திறமை உள்ளவனுக்கு ஒரு நேர்காணல்கூடக் கிட்டாத உலகத்தின்மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டு அது.

அதன்பின் ஏற்றம் விரைந்து வந்தது. 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி', 'குலேபகாவலி', 'நாடோடி மன்னன்', 'சகோதரி', 'மரகதம்' எனப் படங்கள் தொடர்ந்தன. 1958-இல் பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம் ஏற்றார். அவற்றுள் ஒன்று சென்னைத் தெருவின் ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், சென்னைப் பேச்சை அதன் மூச்சோடும் இழுப்போடும் பேசியது கண்டு சென்னை மக்களே வியந்தனர். அக்காலத்தில் மிகுந்த ஊதியம் பெற்ற நகைச்சுவை நடிகர் அவரே என்று பேசப்பட்டது. தமக்குரிய பாடல்களைத் தாமே பாடியதோடு, பிறருக்கும் குரல் கொடுத்தார். 1954-இல் வெளிவந்த ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடியவர் சந்திரபாபு. வீணை இசையின் தலைமகனாகப் பின்னாளில் போற்றப்பட்டவருக்கு யோடலிங் பாடகர் குரல் தந்தார் என்பது தமிழிசை வரலாற்றின் அரிய சந்திப்புகளுள் ஒன்று.

அவருடைய பாட்டு முறையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நம் செவ்வியல் இசையில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அழகின் உயிர். குரல் நடுவே முறிவது குற்றம். யோடலிங்கிலோ குரல் முறியும் இடமே பாட்டின் அழகு. தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் பாலம் இன்றி நேருக்கு நேர் நிற்கின்றன; இடையே உள்ள பள்ளத்தைக் கேட்பவன் செவி தாண்டுகிறது. குற்றம் எனப்பட்டதைக் குணமாக்கிக் காட்டும் துணிவு அதில் உண்டு. வரியை முறித்து, முறிந்த இடத்தில் பொருளைப் பிறப்பிக்கும் புதுக்கவிஞர் இதனை எளிதில் உணர்வர். மேலும், அவர் அக்கூவலை எழுப்பியது பாட்டின் சொற்கள் ஓய்ந்த இடங்களில். சொற்கள் வரும்போதோ ஓர் எழுத்தும் சிதையாமல் உச்சரித்தார். மேலை மெட்டுக்காகத் தமிழை அவர் வளைத்ததில்லை. பாட்டெழுதிய கவிஞர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

இப்புதுமையும் பழமையும் திரையிலேயே நேருக்கு நேர் மோதிய சம்பவமும் உண்டு. ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1958-இல் வந்த 'பதிபக்தி' படத்தில், கருநாடக இசைக்கும் ராக் அண்ட் ரோலுக்கும் இடையே வழக்காடும் பாடல் ஒன்று இடம்பெற்றது. மரபிசையின் பக்கம் வி.என். சுந்தரம், புதுமையின் பக்கம் சந்திரபாபு. இசை விசுவநாதன் - ராமமூர்த்தி. பாடலை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழவர் பாட்டின் எளிமையைத் திரைக்குக் கொணர்ந்த மக்கள் கவிஞர், அமெரிக்க உழைப்பாளர் குடிகளிடையே பிறந்த இசைக்குத் தமிழ்ச் சொல் தந்தார் என்பது எண்ணி மகிழத் தக்கது. ராக் அண்ட் ரோல் இசை திரைப்படங்களின் வழியே உலகெங்கும் பரவத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன நிலையில் தமிழில் அது குறித்து ஒரு வழக்கே நடந்து முடிந்துவிட்டது.

அவருடைய கலையின் மற்றொரு முகம் துயரம். 1960-இல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில், பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனைத் தொடரும் அழுகையைப் பற்றிய பாடலைச் சந்திரபாபு பாடினார். 1962-இல் 'அன்னை' படத்தில், அறிவுக்கும் வெற்றிக்கும் உள்ள உறவை ஐயுறும் பாடலைப் பாடினார். இரண்டும் கண்ணதாசன் எழுதியவை. துள்ளலுக்குப் பெயர்பெற்ற குரல், அவற்றில் துள்ளலை அடக்கிக்கொண்டு நடந்து வருகிறது. சிரிக்க வைப்பவன் என்று எதிர்பார்த்துக் கேட்போர் நெஞ்சில் அத்துயரம் காவலின்றி நுழைகிறது.

அதே படம் கவிஞருக்கும் பாடகருக்கும் இடையே பகையையும் விளைத்தது. ஒப்புக்கொண்டபடி படப்பிடிப்புக்கு வராமல் சந்திரபாபு அலைக்கழித்தார் என்ற மனக்குறை கண்ணதாசனுக்கு இருந்தது. படம் அவருக்குப் பெரும் பொருள் இழப்பைத் தந்தது. அக்கசப்பை அவர் பின்னாளில் எழுத்திலும் பதிந்தார். சந்திரபாபுவின் வாழ்வைப் போற்றுவோர் இதனை மறைத்தல் தகாது. எவரையும் முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைப்பதும், மனத்தில் பட்டதை அவ்வாறே கூறுவதும், குடியும் அவருக்குப் பகைவரைச் சேர்த்தன. பிறருக்கு அவர் இழைத்த துன்பமும் உண்டு. அவர்மீது வந்து விழுந்த துன்பமும் உண்டு.

விழுந்த துன்பங்களில் முதலாவது அவருடைய இல்வாழ்வு. 1958-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த அவர் திருமணம் மிகக் குறுகிய காலத்தில் முடிவுற்றது. மணந்த பெண்ணின் மனம் வேறொருவரிடம் இருந்தது என்று அறிந்ததும், அவர் பழிவாங்க முற்படவில்லை. அவரை மரியாதையோடு விடுவித்தார். 1981-இல் வந்த கே. பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' படக்கதைக்கு இந்நிகழ்ச்சியே வித்து என்று கூறப்படுகிறது. பிறகு அவர் மணம் புரியவில்லை. இரண்டாவது துன்பம் பொருள் பற்றியது. எம்.ஜி.ஆரை நாயகராக்கித் தாமே இயக்க எண்ணிய 'மாடி வீட்டு ஏழை' சில நாள் படப்பிடிப்போடு நின்றது. கடன் மலையாயிற்று, ஆசையோடு எழுப்பிய இல்லமும் கைவிட்டுப் போயிற்று. படத்தின் பெயரே அவருடைய நிலைமையின் பெயராகி நின்றது. 1966-இல் சாவித்திரியோடு நடித்துத் தாமே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' வெளிவந்தது. வேதநூலின் நம்பிக்கையைத் தலைப்பாகக் கொண்ட அப்படத்திற்கும் மக்கள் கதவைத் திறக்கவில்லை.

இத்தாழ்வுகளுக்கு இடையே ஒரு வெளிச்சமும் இருந்தது. 1965-ஆம் ஆண்டுப் போரை ஒட்டிப் படைவீரர்களை மகிழ்விக்கச் சென்ற திரைக்கலைஞர்கள் குடியரசுத் தலைவர் மாளிகையில் வரவேற்கப்பட்டபோது, சந்திரபாபுவைப் பாடப் பணித்தனர். அவர் பாடலை ராதாகிருஷ்ணன் உளமாரச் சுவைத்துப் பாராட்டினார். மகிழ்ச்சியில் தம்மை மறந்த பாடகர், நாட்டின் தலைவரது மடியில் சென்று அமர்ந்து, அவரைச் சிறந்த ரசிகர் என ஒருமையில் கொண்டாடினார் என்று உடன் இருந்தோர் கூறுவர். அவையோர் திகைத்தனர், தத்துவ அறிஞர் சிரித்து ஏற்றார். சந்திரபாபுவைப் பொறுத்தவரை உலகில் இரண்டே வகையினர் இருந்தனர்: பாட்டை உணர்ந்தோர், உணராதோர். பதவிகள் அவர் கண்ணில் படவே இல்லை.

இறுதி ஆண்டுகளில் வாய்ப்புகள் அருகின. 1969-இல் வந்த 'அடிமைப் பெண்' போன்ற படங்களில் தோன்றினார். உடல் தளர்ந்தது. 1974 மார்ச் 8-ஆம் நாள், நாற்பத்தாறு வயதில் மறைந்தார். இறுதிவரை அவரைக் கைவிடாத நண்பர்களுள் தலையாயவர் எம்.எஸ். விசுவநாதன். நண்பரின் விருப்பத்தின்படி அவர் உடல் விசுவநாதனின் இல்லத்தில் வைக்கப்பட்டுப் பின் சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது என்பர்.

ராக்கபில்லி இசை அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் ஓய்ந்து, 1970-களின் இறுதியில் புதிய இளைஞர்களால் மீண்டும் உயிர் பெற்றது. சந்திரபாபுவின் குரலுக்கு அத்தகைய மறுமலர்ச்சி தேவைப்படவில்லை. அது ஓய்ந்ததே இல்லை. திருவள்ளூர்ச் சந்தையிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடிந்து வருவோர் நிற்கும் தேநீர்க் கடையிலும், அவர் பாடல் ஒலிக்கையில் கோப்பையை வாய்க்குக் கொண்டு செல்லாமல் சற்றே நிற்கும் மனிதர் உண்டு. ரயில்வேத் தொழிலாளி ஒருவர் தொடங்கிய பாட்டு முறை, பல கடல்களைத் தாண்டி, உழைத்துக் களைத்த மனிதரிடமே வந்து சேர்ந்திருக்கிறது. கடன் வாங்கிய வடிவம் எப்போது சொந்தமாகிறது என்ற வினா கவிஞர்க்கு என்றும் உரியது. தன் துயரை முழுவதும் அதில் ஊற்றியவனுக்கு அது சொந்தமாகிறது என்பதே சந்திரபாபுவின் வாழ்வு தரும் விடை.