இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள்

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களாயினும், ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊர்களாயினும், அரபு மதரஸாக்களில் அகீதா பாடம் ஓதப் புகும் மாணவர் இரு பெரியார்களின் திருப்பெயர்களைக் கேட்காமல் இருப்பதில்லை. ஒருவர் ஸமர்கந்தில் வாழ்ந்த இமாம் அபூ மன்ஸூர் அல்மாத்துரீதீ (ரஹ்) அவர்கள். மற்றவர் பஸராவில் பிறந்து பக்தாதில் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள். தொழுகை, நிக்காஹ் போன்றவற்றில் வழிகாட்டிய மத்ஹபு இமாம்களை நம் ஜமாஅத்தார் அனைவரும் அறிவர். கொள்கையில் வழிகாட்டிய இவ்விருவரின் வரலாறோ ஓதிய ஆலிம்களோடு நின்றுவிட்டது. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு, இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்களைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

அன்னாரின் இயற்பெயர் அலீ. தந்தையார் இஸ்மாயீல். நபித்தோழர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் வழித்தோன்றலாக, ஹிஜ்ரி 260-இல் (கி.பி. 873-74) பஸராவில் பிறந்தார்கள். அக்காலத்துப் பஸரா வணிகத்திற்குப் பெயர்பெற்றது போலவே வாதத்திற்கும் பெயர்பெற்ற நகரம். மனிதன் தன் செயலுக்குத் தானே கர்த்தாவா, அல்லது எல்லாம் முன்பே எழுதப்பட்டதா? எழுதப்பட்டதாயின் தண்டனை எங்ஙனம் நீதியாகும்? நன்மை தீமைகளைப் பகுத்தறிவு தானே கண்டுகொள்ளுமா, மார்க்கம் அறிவித்த பின்னரே அறியுமா? இவை அந்நகரத்துப் பள்ளிவாசல்களில் நாள்தோறும் எழுந்த கேள்விகள்.

இவற்றிற்கு முஃதஸிலா என்னும் பிரிவினர் துணிவான விடைகளை வைத்திருந்தனர். மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறான். நன்மை தீமையைப் பகுத்தறிவே அறியும். இறைவன் நீதியாளன் ஆதலின், அடியானுக்கு நலமானதைச் செய்வது அவன் மீது கடமை. இவர்களை அறிவிலிகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இறைவனின் நீதியைக் காக்க வேண்டும் என்ற ஆர்வமே அவர்களை அங்கே கொண்டு சென்றது. ஆயினும், ஹிஜ்ரி 218-இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன் அவர்களுடைய கொள்கை ஒன்றை ஆட்சியதிகாரத்தால் திணிக்க முற்பட்டபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையும் கசையடியும் பெற்றதை வரலாறு மறக்கவில்லை. பகுத்தறிவையும் சுதந்திரத்தையும் பேசியவர்கள் அச்சோதனைக்குத் துணைநின்றனர் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

இமாம் அஷ்அரீ (ரஹ்) வளர்ந்தது இந்த முஃதஸிலாக்களின் மடியிலேயே. பஸராவில் அப்பிரிவின் தலைவராயிருந்த அபூ அலீ அல்ஜுப்பாயீ அவர்களுடைய ஆசிரியர். தாயாரை மறுமணம் செய்த வளர்ப்புத் தந்தையும் அவரே என்று பல நூல்களில் காணப்படுகிறது. ஜுப்பாயீ எழுத்தில் வல்லவர், நேருக்கு நேர் வாதிப்பதில் அத்துணை வல்லவரல்லர் என்றும், வாதமன்றங்களுக்குத் தமக்குப் பதிலாக இந்த மாணவரையே அனுப்புவார் என்றும் சொல்லப்படுகிறது. நாற்பது வயதை எட்டும் வரை அவ்வாறே கழிந்தது.

பின்னர் ஒரு நாள் மாணவர் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மூன்று சகோதரர். ஒருவர் நல்லடியாராக வாழ்ந்து இறந்தார். ஒருவன் மாறுசெய்தவனாக இறந்தான். மூன்றாமவன் பருவமடையுமுன்னே குழந்தையாக இறந்தான். மறுமையில் இவர்களின் நிலை யாது? முதலாமவருக்குச் சுவனத்தின் உயர்பதவி, இரண்டாமவனுக்கு நரகம், குழந்தைக்கு வேதனையுமில்லை, உயர்பதவியுமில்லை என்றார் ஆசிரியர். என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் வணங்கி அப்பதவியை அடைந்திருப்பேனே என்று அக்குழந்தை முறையிட்டால் என்ன விடை என்றார்கள் மாணவர். நீ வளர்ந்தால் பாவம் செய்து நரகம் புகுவாய் என்று இறைவன் அறிந்திருந்தான், உன் நலன் கருதியே சிறுவயதில் எடுத்துக்கொண்டான் என்பதே விடை என்றார் ஆசிரியர். அப்போது நரகத்திலிருக்கும் சகோதரன் எழுந்து, என் நிலையையும் நீ அறிந்திருந்தாயே, என் நலனை மட்டும் ஏன் கருதவில்லை என்று கேட்டால்? ஜுப்பாயீ வாயடைத்துப் போனார்.

இந்நிகழ்ச்சி இமாமவர்களின் சொந்த நூல்களில் இல்லை, பிற்காலத்தார் எழுதியதே, ஆதலின் சில ஆய்வாளர்கள் இதை ஐயுறுகின்றனர். எனினும் இமாம் தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் தமது ஷரஹுல் அகாயிதில் இதை எடுத்துரைத்துள்ளார்கள். அந்தக் கிதாபை ஓதிய நாளில், ஜுப்பாயீ வாயடைத்த இடம் வந்ததும் எங்கள் ஸஃபு முழுதும் சிரித்தோம். உஸ்தாத் அவர்கள் சிரிக்கவில்லை. இமாமத் பணியேற்ற பின், மூன்று வயதுக் குழந்தையின் ஜனாஸாவைக் கைகளில் ஏந்தி நின்ற ஒரு தந்தை, ஏன் ஹஜ்ரத் என்று என்னைக் கேட்டார். அன்றுதான் அது வாதத்தில் வெல்வதற்காகக் கேட்கப்பட்ட கேள்வியன்று என்பது எனக்கு விளங்கியது. நலன் கருதியே இறைவன் செய்தான் என்று கணக்குக் காட்டும் விடையை அந்தத் தந்தையிடம் சொல்ல என் நாவு எழவில்லை. இறைவன் செய்வதை நம்முடைய அளவுகோலால் அளந்து, இது அவன் மீது கடமை என்று விதிக்க நம்மால் இயலாது என்பதே இமாமவர்கள் கண்ட முடிவு. அது துக்கத்தை நீக்கிவிடும் விடையன்று. ஆனால் துக்கப்படுபவரிடம் பொய்க்கணக்குச் சொல்லாத விடை.

ஹிஜ்ரி 300-ஐ ஒட்டிய காலத்தில் இமாமவர்கள் பதினைந்து நாட்கள் வீட்டினுள் தனித்திருந்து, பின் பள்ளிவாசலின் மிம்பரில் ஏறி, இதுகாறும் தாம் கொண்டிருந்த கொள்கைகளிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார்கள். அணிந்திருந்த மேலாடையைக் களைந்து, இதைப் போன்றே அவற்றையும் களைந்தேன் என்னும் பொருள்படப் பேசினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. ரமளானில் நபி (ஸல்) அவர்களைக் கனவில் கண்டதே இம்மாற்றத்திற்குக் காரணம் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஆசிரியர் ஜுப்பாயீ அப்போது உயிரோடிருந்தார். ஹிஜ்ரி 303-இல்தான் அவர் மறைந்தார். வளர்த்து ஓதிக்கொடுத்தவரின் ஊரிலேயே, அவர் வாழும்போதே, நாற்பதாண்டுப் பெயரையும் மதிப்பையும் விட்டிறங்குவது எளிய காரியமன்று.

அவ்வாறு விலகியவர்கள், மனிதன் காற்றிலாடும் இறகு போன்றவன், அவனுக்கென்று எதுவுமில்லை என்ற ஜபரிய்யாக்களின் பக்கம் சாய்ந்துவிட்டார்களா? இல்லை. தமது அல்லுமஃ என்னும் நூலில் அவர்கள் வைக்கும் சான்று மிக எளியது. காய்ச்சலிலோ வாதநோயிலோ உடல் நடுங்குகிறது. நலமாயிருக்கும்போது அதே உடலால் நடந்து செல்கிறோம். இரண்டும் அசைவுதான். ஆயினும் முன்னதில் தான் இயலாதவன் என்பதையும் பின்னதில் அவ்வாறில்லை என்பதையும் எவரும் கற்பிக்காமலேயே மனிதன் தன்னுள் உணர்கிறான். இவ்வுணர்வை மறுப்பது இயலாது. ஆகவே செயலைப் படைப்பவன் இறைவன். அதைத் தனதாக்கிக்கொள்பவன் அடியான். இதற்குக் கஸ்பு, அதாவது சம்பாதித்தல், என்று பெயர். தவறு செய்துவிட்டு எல்லாம் நஸீபு என்று சொல்லித் தப்பிக்க முயல்பவருக்கு இக்கொள்கையில் இடமில்லை. பிறரை அடிக்க ஓங்கிய கையைக் காய்ச்சலில் நடுங்கிய கை என்று எவரும் சொல்வதில்லையே.

கஸ்பு என்பது முழுதும் தெளிவானதென்று நான் சொல்லமாட்டேன். மிக நுண்ணியதொரு பொருளைக் குறிக்க அஷ்அரீயின் கஸ்பை உவமையாகக் கூறுவது அறிஞர்களிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் இமாமுல் ஹரமைன், இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) போன்றோரும் இதனை விளக்கப் பெரிதும் முயன்றனர். நன்மை தீமையைப் பற்றிய இமாமவர்களின் முடிவும் அத்தகையதே. நற்கூலிக்கும் தண்டனைக்கும் உரியவை எவை என்பதை மார்க்கமே அறிவிக்கும் என்றார்கள். அதன் பயனாக, தூதுச்செய்தி எட்டாத மக்கள் மீது கடமையுமில்லை, குற்றமுமில்லை என்றாயிற்று. மாத்துரீதீ அறிஞர்கள் பலர் பகுத்தறிவுக்கு இதனினும் கூடுதலான இடம் கொடுத்தனர். இரு சாராரும் ஒருவர் பின் ஒருவர் தொழுதே வந்துள்ளனர்.

பின்னாட்களில் பக்தாதில் குடியேறி, ஜும்ஆ நாட்களில் ஷாஃபிஈ அறிஞர் அபூ இஸ்ஹாக் அல்மர்வஸீ (ரஹ்) அவர்களின் பாடத்தில் மாணவராக அமர்வார்கள். முன்னோர் ஒருவர் விட்டுச்சென்ற வக்ஃபு நிலத்தின் வருவாயிலேயே வாழ்ந்தார்கள். ஆண்டொன்றுக்கு அவர்களுடைய செலவு 17 திர்ஹம் மட்டுமே என்று எழுதப்பட்டுள்ளது. ஹன்பலீ அறிஞர்களில் சிலர் இறுதிவரை அவர்களை ஏற்கவில்லை. மார்க்கத்தைக் காக்க வாதமுறையைக் கையாளுவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அவர்களுடைய மகாலாத்துல் இஸ்லாமிய்யீன் என்னும் பெருநூலில் முஸ்லிம் பிரிவினரின் கொள்கைகள் தொகுக்கப்பட்டுள்ளன. முஃதஸிலாக்களின் கருத்துகளைக்கூட வசைமொழியின்றி, அவர்கள் சொன்னவாறே அதில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். அந்நூலின் முழுப்பெயரில், கருத்து வேறுபட்ட அத்தனை பேரையும் தொழுகையாளிகள் என்றே குறித்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 324-இல் (கி.பி. 935-36) பக்தாதில் மரணம் நெருங்கியபோது, உடனிருந்த மாணவரை அருகழைத்து, கிப்லாவை முன்னோக்கித் தொழும் எவரையும் தாம் காஃபிர் என்று சொல்லவில்லை, அனைவரும் ஒரே இறைவனையே குறிக்கின்றனர், வேறுபாடெல்லாம் சொற்களில்தான் என்பதற்குச் சாட்சியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. பக்தாதிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.