விளையாட்டு இருந்தது, யந்திரம் இல்லை!

சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, கரையான் அரித்தது போக மிஞ்சிய தேவார ஏடுகளை எடுத்த கதை எல்லோரும் அறிந்ததே. ஏடு கிடைத்துவிட்டது, ஆனால் பண் மறந்து போயிருந்தது! இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள எருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவளைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது.

பழைய கணிப்பொறி விளையாட்டுகளுக்கும் இதே கதிதான். விளையாட்டு இருக்கும், அது ஓடிய யந்திரம் மறைந்திருக்கும். அப்போது 'எமுலேட்டர்' என்ற நிரலைக் கொண்டு, புதிய யந்திரத்துக்குப் பழைய யந்திரத்தின் வேஷத்தைப் போடுகிறார்கள். பழையதற்கு இட்ட கட்டளைகளைப் புதியது ஒவ்வொன்றாகப் படித்து, தன் பாஷைக்கு மாற்றி நிறைவேற்றுகிறது.

ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்தின் வேலையைச் செய்ய முடியும் என்பதை 1936-ம் ஆண்டிலேயே கணித வழியில் காட்டியவர் ஆலன் டூரிங். அன்று மின்னணுக் கணிப்பொறி என்ற ஒன்றே உலகில் கிடையாது!

போத்தனூர்ப் பேரன்

டூரிங்கின் தகப்பனார் ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாயார் எதெல் சாரா பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் மெட்ராஸ் ரெயில்வேயின் தலைமை எஞ்சினீயர். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனாரின் உத்தியோகம் இங்கே. பிள்ளை அங்கே, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தது.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். இரண்டாவது உலகப் போரில், ஜெர்மானியரின் 'எனிக்மா' ரகசியச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் குழுவில் முன்னணியில் நின்றார். இந்த வேலை வெளியே தெரிய 1970-களாயிற்று. 1959-ல் மகனின் வரலாற்றை எழுதிய தாயாரால்கூட அதை விவரித்து எழுத முடியவில்லை.

1948-ல் டூரிங்கும் நண்பர் சாம்பர்நௌனும் சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை வகுத்தார்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, ராணிக்கு 10 என்று மதிப்பு. தன் நகர்த்தலையும் எதிரியின் பதிலையும் எடைபோட்டு, லாபமான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் பெயரையும் சேர்த்து 'டூரோசாம்ப்' என்று அதற்குப் பெயர்.

ஆனால் ஓட்டுவதற்கு யந்திரம்? மான்செஸ்டர் கணிப்பொறிக்கு ஏற்ப எழுதத் தொடங்கிய டூரிங் அதை முடிக்கவில்லை. 1952-ல் அவரே யந்திரமானார்! காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, விதிகளின்படி கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். ஒரு நகர்த்தலுக்குச் சுமார் அரைமணி நேரம். எதிரே ஆடியவர் அலிக் கிளென்னி. 29 நகர்த்தல்களில் டூரோசாம்ப் தோற்றது.

வழக்கும் மரணமும்

அதே 1952-ல் டூரிங்கின் மீது வழக்கு வந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அன்று இங்கிலாந்தில் குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்கினார். நாட்டைக் காத்த அறிவுக்குக் கிடைத்த பரிசு அது! 1954 ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் மாண்டார். தற்கொலை என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. வயது 41. பிரிட்டிஷ் சர்க்கார் 2009-ல் வருத்தம் தெரிவித்தது. 2013-ல் மன்னிப்பும் வழங்கப்பட்டது.

டூரோசாம்பின் விதிகளை டூரிங் எழுதிய கட்டுரை 1953-ல் ஒரு நூலில் அச்சாகியிருந்தது. பிற்காலத்தவர் அதை வைத்து இக்காலக் கணிப்பொறிக்கு நிரல் எழுதினார்கள். விசித்திரம் என்னவென்றால், 1952 ஆட்டத்தின் சில நகர்த்தல்கள் இதனுடன் ஒத்துவரவில்லை. கையால் கணக்கிட்டபோது டூரிங்தான் சில இடங்களில் விதியைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கருதினார்கள். மனித யந்திரம் அல்லவா!

2012, டூரிங்கின் நூற்றாண்டு. மான்செஸ்டரில் முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் இந்த நிரலுடன் ஆடினார். அரைமணிக் கணக்கு நொடியில் முடிந்தது. 16 நகர்த்தல்களில் காஸ்பரோவ் வென்றார்.