விண்ணை நோக்கிய விழி – வைணு பாப்பு

இந்தியாவில் நவீன வானியல் ஆய்வு தமிழகத்தில் வேரூன்றி வளர்ந்தது. 1792ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் மரபை, 1899இல் தொடங்கிய கோடைக்கானல் ஆய்வகம் ஏற்றுக்கொண்டது. சூரிய ஆய்வில் கோடைக்கானல் உலகப்புகழ் பெற்றது. எனினும், தொலைதூர விண்மீன்களை ஆராய்வதற்கான பெரிய தொலைநோக்கி விடுதலைக்குப் பின்னரும் நம் நாட்டில் இல்லை. அக்குறையை நீக்கவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வைணு பாப்பு.

இவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். அதனால் பாப்புவுக்கு இளமையிலேயே விண்மீன்கள் அறிமுகமாயின. ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயிலச் சென்றார். அங்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1949ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தாம் எடுத்த ஒளிப்படத்தில் புதிய வால்மீன் ஒன்று பதிவாகியிருக்கக் கண்டார். அது அவர் பெயரையும், உடன் ஆராய்ந்த போக், நியூகிர்க் ஆகியோரின் பெயர்களையும் இணைத்து வழங்கப்படுகிறது.

1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், பாலோமர் வானாய்வகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். விண்மீனின் நிறமாலையில் தோன்றும் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மையான ஒளித்திறனை அறியலாம் என்பதை ஆலின் வில்சனுடன் இணைந்து நிறுவினார். ஒளித்திறன் தெரிந்தால் விண்மீனின் தொலைவையும் கணக்கிடலாம். இக்கண்டுபிடிப்பு வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது.

உலகின் மிகச்சிறந்த தொலைநோக்கிகளைக் கையாளும் வாய்ப்பு அங்கிருந்தும், அவர் தாய்நாடு திரும்பினார். நைனிடாலில் வானாய்வகம் அமைவதற்கு வழிகாட்டினார். 1960இல் கோடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமையும் ஆய்வகத்திலிருந்து வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் காண இயலும். இதனைக் கருத்திற்கொண்டு, சவ்வாது மலையில் சந்தன மரங்கள் சூழ்ந்த காவலூரை அவர் தேர்ந்தெடுத்தார். 1968இல் நம் பணிமனையிலேயே உருவான 38 செ.மீ. தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டே, வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கான சான்று காவலூரில் கிடைத்தது.

இதனோடு அவர் மனநிறைவு அடையவில்லை. கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்தால், அவற்றை உருவாக்கும் திறன் நம்மவரிடம் வளராது எனக் கருதினார். எனவே, முந்தையதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான ஒளியைத் திரட்டவல்ல 234 செ.மீ. தொலைநோக்கியை உள்நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கும் பணியைத் தொடங்கினார். அதன் பேராடி பெங்களூரில் இந்தியத் தொழில்நுட்பர் கைகளால் தேய்த்து மெருகேற்றப்பட்டது.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. அப்பதவியில் இருந்தபோதே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள், செருமனியின் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் காலமானார். தாம் கனவு கண்ட தொலைநோக்கி விண்மீன் ஒளியைப் பெறும் நாளைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பயிற்றுவித்த அறிவியலாளரும் பொறியாளரும் அப்பணியை நிறைவேற்றினர். 1986 சனவரி 6ஆம் நாள் அத்தொலைநோக்கிக்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. காவலூரில் இரவுதோறும் வானை நோக்கித் திறக்கும் அந்தக் கண், அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற செல்வமாகும்.