சமன்செய்த கரண்டி

ஒரே சமையற்குறிப்பைப் பார்த்து இருவர் அணிச்சல் செய்கின்றனர். ஒருவருடையது பஞ்சுபோல் மென்மையாக வருகிறது. மற்றவருடையதோ கல்லைப்போல் இறுகிவிடுகிறது. கைப்பக்குவம் என்று இதற்குக் காரணம் சொல்வோர் பலர். அளவுதான் காரணம் என்று உறுதியாக நம்பியவர் ஃபேனி ஃபார்மர்.

ஃபேனி 1857ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். நான்கு பெண் பிள்ளைகளுள் அவரே மூத்தவர். கல்வியைப் பெரிதும் மதித்த அக்குடும்பத்தினர் அவரைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணியிருந்தனர். ஆனால், 16 வயதில் ஃபேனியைப் பக்கவாதம் தாக்கியது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. பல ஆண்டுகள் அவரால் நடக்க இயலவில்லை.

உடல்நிலை சற்றுத் தேறியதும், ஃபேனி வீட்டுச் சமையலறையில் வேலை செய்யத் தொடங்கினார். அவருடைய தாயார் வீட்டிலேயே விருந்தினர் தங்கும் விடுதி நடத்தி வந்தார். அங்குக் கிடைத்த சுவையான உணவால் விடுதி நற்பெயர் பெற்றது. பின்னர், ஏறக்குறைய 30 வயதில், காலைச் சாய்த்து நடக்கும் நிலையிலும் பாஸ்டன் சமையற்கலைப் பள்ளியில் ஃபேனி மாணவியாகச் சேர்ந்தார். 1889இல் பயிற்சியை முடித்த அவர், 1891இல் அப்பள்ளியின் தலைவராகவே உயர்ந்தார்.

அக்காலச் சமையற்குறிப்புகளில் முட்டையளவு வெண்ணெய், கைப்பிடி மாவு, குவித்த கரண்டிச் சர்க்கரை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முட்டைகள் எல்லாம் ஒரே அளவா? ஒருவர் குவிப்பதுபோல் மற்றவர் குவிப்பாரா? அனுபவமுள்ளவர்கள் சமாளித்துக்கொண்டனர், புதிதாகக் கற்பவர்களோ திணறினர்.

இக்குறையைப் போக்க, ஃபேனி அளவுக் குவளையையும் அளவுக் கரண்டியையும் பயன்படுத்தச் சொன்னார். அவை முன்பே புழக்கத்தில் இருந்தவைதாம். ஆயினும், ஒவ்வோர் அளவும் சமமாக இருக்கவேண்டும் என்பதை அவர் விதியாகவே வகுத்தார். மாவை முதலில் சலிக்கவேண்டும். பிறகு, கரண்டியால் அள்ளிக் குவளையில் மெதுவாக நிரப்பவேண்டும். குவளையைக் குலுக்கக்கூடாது, குலுக்கினால் மாவு படிந்து, அளவு கூடிவிடும். விளிம்புக்கு மேல் நிற்கும் மாவைக் கத்தியால் வழித்துச் சமன்செய்ய வேண்டும். வெண்ணெய்க்கோ இதற்கு நேர்மாறான முறை: இடைவெளி இல்லாதபடி அழுத்தி நிரப்பவேண்டும். அரைக்கரண்டி தேவைப்பட்டால், சமன்செய்த கரண்டியை நீளவாக்கில் கத்தியால் பிரித்துப் பாதியை நீக்கிவிடலாம். மூன்று தேக்கரண்டி ஒரு மேசைக்கரண்டி. 16 மேசைக்கரண்டி ஒரு குவளை. இக்கணக்கு தெரிந்தால் யாரும் தடுமாற வேண்டியதில்லை.

இம்முறையில் எழுதிய 1,800க்கும் மேற்பட்ட சமையற்குறிப்புகளை ஃபேனி 1896இல் நூலாக்கினார். நூல் விற்குமா என்று பதிப்பகத்தார் ஐயுற்றனர். எனவே, அச்சிடும் செலவை ஃபேனியே ஏற்க, 3,000 படிகள் மட்டுமே வெளிவந்தன. அவரது துணிவு வீண்போகவில்லை. மக்கள் அந்நூலை விரும்பி வாங்கினர். பின்னர் அது இலட்சக்கணக்கில் விற்பனையானது.

1902இல் ஃபேனி சொந்தமாகச் சமையற்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நோயின் துன்பத்தை அனுபவித்து அறிந்தவர் என்பதால், நோயாளிகளுக்கு ஏற்ற உணவைப் பற்றியும் ஆழ்ந்து ஆராய்ந்தார். அதுகுறித்து 1904இல் ஒரு நூல் எழுதியதோடு, மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் வகுப்புகள் நடத்தினார்.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவரால் மீண்டும் நடக்க முடியாமற்போனது. எனினும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சொற்பொழிவாற்றினார். 1915 ஜனவரியில் தமது 57ஆம் வயதில் மறைந்தார். இறப்பதற்குப் பத்து நாள்களுக்கு முன்புகூட அவர் மேடையேறிப் பேசினார்.

கல்லூரிக்குச் செல்லமுடியாத ஃபேனி, எண்ணற்றோருக்கு ஆசிரியரானார். இன்று நாம் மாவை அளந்து, விளிம்பை வழித்துச் சமன்செய்யும்போது, நம்மை அறியாமலேயே அவர் நடத்திய பாடத்தைச் செய்து பார்க்கிறோம்.