டஸ்கீகியின் செங்கற்சூளை

வர்ஜீனியா மாநிலத்துத் தோட்டமொன்றில் 1856ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். விடுதலைக்குப் பின்னர் உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். 1872இல் ஏறத்தாழ 500 மைல் கடந்து ஹாம்ப்டன் பள்ளியை அடைந்தார். அங்கே ஓர் அறையைப் பெருக்கித் துடைத்ததே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று.

1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில், கறுப்பின ஆசிரியரை உருவாக்கும் பள்ளிக்குத் தலைவராகச் சென்றார். அரசு தந்த 2,000 டாலர் ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே. நிலமுமில்லை, கட்டடமுமில்லை. இல்லாதவற்றை எண்ணியிருந்தால் அன்றே திரும்பியிருக்கலாம். அவரோ இருப்பவற்றை எண்ணினார். அப்பள்ளி தோன்றக் காரணமானவருள் ஒருவரான லூயிஸ் ஆடம்ஸ், அடிமை நாளிலேயே செருப்புத் தைக்கவும் தகர வேலை செய்யவும் கற்றவர். அடிமைமுறைக்கு நன்றி கூறும் பேச்சன்று இது. அக்கொடுமையினூடே மக்கள் காத்துவந்த திறன் அவர்களுடையதே.

படிப்பென்றால் கையுழைப்பிலிருந்து விடுதலை என்று கருதியே மாணவர் பலர் வந்திருந்தனர். கடன் வாங்கி வாங்கிய பாழ்நிலத்தைத் திருத்த, தலைவரே கோடரியுடன் முன்னே நடந்தார். பின்னர் மாணவரும் தொடர்ந்தனர்.

அவ்வூரில் செங்கற்சூளை இல்லை. முழங்காலளவு சேற்றில் நின்று மாணவர் கல் அறுத்தனர். முதற் சூளை பாழாயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. கையில் காசில்லாத நிலையில் வாஷிங்டன் தம் கடியாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காம் சூளை வெந்தது. பள்ளியை ஐயத்துடன் பார்த்திருந்த வெள்ளையரும் கல் வாங்க வந்தனர். பின்னாளில் ஒரே பருவத்தில் 12 இலட்சம் கற்கள் அங்கு உருவாயின.

உயர்கல்வியையும் வாக்குரிமையையும் அவர் பின்னுக்குத் தள்ளினார் என்று 1903இல் டுபாய்ஸ் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. உரிமையற்ற கைத்தொழில் பாதுகாப்பாகாது. எனினும் பள்ளியை எழுப்பிய முறையை அக்கண்டனம் தொடவில்லை. 1896இல் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை அழைத்து வந்து, பருத்தியால் சோர்ந்த மண்ணை ஆராயச் செய்தவரும் அவரே.

1915 நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தபோது, டஸ்கீகியில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. அவற்றுட் பலவற்றை எழுப்பியவர் மாணவரே.