காற்றையும் கணக்கிற் சேர்த்த கட்டடக் கலைஞர்

ஜெப்ரி பாவா என்றதும் பெந்தோட்டையின் லுணுகங்கைத் தோட்டமும், உல்லாச விடுதிகளும், கோட்டே பாராளுமன்றக் கட்டடமுமே பலரது நினைவுக்கு வருகின்றன. ஊழியர்கள் அமர்ந்து கோப்புப் பார்ப்பதற்கென அவர் கொழும்பில் அமைத்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அறிந்தோர் குறைவு. நம்மைப் பொறுத்தவரை அவரது ஆற்றலுக்கு அதுவே சிறந்த சான்றாகும்.

1919இல் கொழும்பில் பிறந்த பாவா, தந்தை வழியில் முஸ்லிம் வேரும் தாய் வழியில் பறங்கியர் வேரும் கொண்டவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனில் சட்டமும் பயின்று நாடு திரும்பியவர், சட்டத் தொழிலில் மனம் ஒட்டாது விலகினார். 1957இல் கட்டடக் கலைஞராகத் தகைமை பெற்றபோது அவருக்கு வயது 38. நம்மவர் பலர் ஓய்வூதியத்தை எண்ணத் தொடங்கும் வயது அது! நீண்டகாலம் அவருடைய தொழிற் பங்காளராக விளங்கியவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். பாவாவின் கற்பனைகள் கட்டடங்களாக எழுந்து நின்றதில் இத்தமிழரின் பங்கு போதியளவு பேசப்படவில்லை என்பதே நமது எண்ணம்.

அரச ஈட்டு வங்கிக்கென 1976இல் தொடங்கிய அக்கட்டடம் பின்னர் மகாவலி கட்டடம் எனப் பெயர் பெற்றது. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தை உலகம் மறந்திராத காலம் அது. கொழும்பின் புழுக்கத்தில் வெப்பத்தைக் குறைப்பது செலவு மிக்க காரியம். ஆனால் காற்று உடலில் பட்டு வியர்வை உலர்ந்தாலே மனிதருக்குப் பாதி ஆறுதல் கிடைத்துவிடும். ஆகவே, வீசும் காற்றின் திசைக்கேற்பக் கட்டடத்தைத் திருப்பி, ஒரு பக்கம் புகும் காற்று மறு பக்கம் வெளியேறுமாறு மாடிகளை ஒடுக்கமாக்கினார். சாளரங்களுக்கு நிழலும், மழைநீர் புகாமல் காற்று மட்டும் புகும் வழிகளும் அமைத்தார்.

இதில் இடர்ப்பாடு இல்லாமலில்லை. வீதியின் இரைச்சலும் தூசும் காற்றோடு வரும். மேசைக் காகிதங்கள் பறக்கும். அதிகாரி ஒருவர் தமக்கெனத் தடுப்புச் சுவர் எழுப்பினால், அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் காற்றே இல்லை. அப்புறம் குளிரூட்டி பொருத்துவதைத் தவிர வேறு வழியும் இல்லை. வரைபடத்தில் மிச்சம் பிடித்த மின்சாரம் இவ்வாறுதான் கைநழுவிப் போகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு அமுலானபோது, திறக்கவியலாக் கண்ணாடிகளால் மூடப்பட்ட அலுவலகங்களில் மின்பிறப்பாக்கி இன்றி மூச்சு விடுவதும் சிரமமாயிற்று. அதற்குச் சுமார் 45 ஆண்டுகளுக்கு முன்னரே விடை இந்நகரில் கட்டப்பட்டிருந்தது.

1998இல் பக்கவாதத்தால் பேச்சிழந்த பாவாவுக்கு, 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் சிறப்பு விருது கிடைத்தது. 2003 மே 27ஆம் திகதி, தமது 83ஆவது வயதில் அவர் காலமானார்.